ஒருத்திக்கு மட்டும் தாய்மொழி

தெல்மா: சன்னல்ல ஒட்டியிருந்த அட்டையையும் கிழிச்சுட்டியா, ஓரின்?

ஓரின்: கதவுல இருந்ததையும்தான். ஃப்ரிட்ஜ்ல ஒண்ணு பாக்கி...

தெல்மா: அதுல கை வெச்சே... கரண்டியாலயே போடுவேன்!

ஓரின்: போடு. கதவுல நம்ம பாஷையில ‘கதவு’ன்னு எழுதி ஒட்டி, இனிமே யாருக்கு?

தெல்மா: வியாழக்கிழமை வகுப்புக்கு வர்றவங்களுக்கு.

ஓரின்: அந்த வகுப்பும் இனி வேண்டாம்.

தெல்மா: நம்ம குலத்துல என்னை விட்டா சொல்லிக்கொடுக்க யாரு இருக்கா?

ஓரின்: இருநூறு வருஷமா யாருமே பேசாத பாஷை. பழைய பாதிரி அச்சடிச்ச பைபிள்ல பொறுக்கினது பாதி, அக்கரைக் குலத்துக்காரங்ககிட்ட கடன் வாங்கினது பாதி. அதைப் போய் ஒரு பச்சைக் குழந்தைக்கு...

தெல்மா: ஏன், அவ பேசலையா? சிப்பி பொறுக்கும்போது உன்னையே திருத்துவாளே!

ஓரின்: திருத்துவா, கழுதை. “தப்பு, அப்பா”ன்னு...

தெல்மா: பேரை மட்டும் சொல்லிடாதே.

ஓரின்: சொல்லல. செத்தவங்க பேரை வருஷம் திரும்புறவரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?

தெல்மா: ம்...

ஓரின்: வீட்டுல இங்கிலீஷே கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?

தெல்மா: நான்தான். போதுமா?

ஓரின்: போதாது. அன்னிக்கு நாம பாஷைக் கமிட்டியில உக்காந்து ஏதோ ஒரு சொல்லுக்கு மல்லுக்கட்டிட்டு இருந்தோம். இங்க என் அக்காகிட்ட அவ சாயங்காலம் பூரா சொல்லியிருக்கா, வயிறு வலிக்குதுன்னு. அக்காவுக்கு அந்தப் பாஷை ஒண்ணும் புரியல. அடம்பிடிக்கிறான்னு நினைச்சு மிட்டாய் குடுத்தாளாம்...

தெல்மா: ஓரின், வேண்டாம்.

ஓரின்: ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள குடல்வால் வெடிச்சுப்போச்சு. நாலு வயசு, தெல்மா.

தெல்மா: எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்.

ஓரின்: அந்தப் பாஷைதான் நம்ம பிள்ளைய முழுங்கிடுச்சு. விட்டுடறேன்னு சொல்லு.

தெல்மா: நீ விட்டுட்டியா?

ஓரின்: அன்னிக்கே.

தெல்மா: பொய்.

ஓரின்: என்ன பொய்?

தெல்மா: காலையில வலை எடுத்துட்டு வர்றேன்னு போனியே. போனது படகுத்துறைக்கா?

ஓரின்: பின்ன எங்க?

தெல்மா: கல்லறை மேட்டுல உக்காந்து பேசிட்டு இருந்தே. அத்தனையும் நம்ம பாஷை. ஒரு தப்புகூட இல்ல.

ஓரின்: நீ எதுக்கு அங்க வந்தே?

தெல்மா: நானும் தினம் போறவதான். இன்னிக்கு நீ முந்திக்கிட்டே... சொல்லு ஓரின், விட்டவன் எதுக்குப் பேசினே?

ஓரின்: வேற என்ன பண்றது? அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதே.