பின்சீட்டு ஸ்பீக்கர்

மோட்டார் சைக்கிளில் பாட்டு செட் மாட்டுவது காரில் மாட்டுவதுபோல லேசான வேலை இல்லை, ஐயா. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் சத்தம் உள்ளேயே நிற்கும். புல்லட்டில் பாதியை இன்ஜின் தின்றுவிடும், மீதியைக் காற்று கொண்டுபோய்விடும். ராஜபாளையத்தில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வைகுண்டராஜின் வண்டியில் என்ன மாட்டியிருந்தது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வலது கால் சின்ன வயசிலேயே சூம்பிவிட்டது, சைக்கிள்கூட மிதித்ததில்லை. அப்படிப்பட்டவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி, மூணாறு, ராமேஸ்வரம் என்று வருஷா வருஷம் மில் லீவில் ஊர் காட்டியவன் அவன். மற்றவர்கள் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. எண்பத்தைந்தில் முதல் டூர் போனபோது டேங்க்மேல் ஒரு டிரான்சிஸ்டரைக் கயிற்றால் கட்டினோம். அடுத்த வருஷம் கார் ஸ்டீரியோ மாட்டினேன். பிறகு ஆம்ப்ளிஃபயர், ஹேண்டில்பாரில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். சத்தத்தை இப்படிக் கூட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் உண்டு. மில் இரைச்சலில் அவன் காது போய்க்கொண்டே இருந்தது.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். எதிராளியின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வான், கெட்டிக்காரன். ஆனால் வண்டியில் அவனுக்குக் காது நான்தான். பின்னால் லாரி வந்தாலோ ரயில்வே கேட்டில் ரயில் வந்தாலோ தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். உடனே நிறுத்துவான். தட்டவில்லை என்றால் வழி சுத்தம் என்று அர்த்தம். என் கை அவன் தோளில் இருந்தவரைக்கும் அவனுக்கு ஒரு சிராய்ப்பு பட்டதுண்டா என்று யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

இந்தத் தையில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணுக்கு மகாராஜபுரம். பரிபூரணம் என்று பெயர். நல்ல பெண், நான் குறை சொல்ல மாட்டேன். காது விஷயத்தைப் பெண் வீட்டில் மூடி மறைத்துத்தான் கல்யாணத்தை முடித்தான். சித்திரையில் மில் லீவு விட்டதும் இரண்டு பேருமாகக் கொடைக்கானல் போகிறார்கள் என்பதே, அவன் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

"ஏலே பேச்சி, பின்சீட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் வைக்கணும்லே. அவளுக்குப் பாட்டே கேக்க மாட்டேங்குதாம்," என்றான்.

ஆறு வருஷம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவன் நான். உனக்குப் பாட்டு கேட்கிறதா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவன் கேட்டதில்லை. எனக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். அவன் தலை ஆடுவதைப் பார்த்து இன்ன பாட்டு என்று தெரிந்துகொள்வேன். அதுவே போதும் என்று இருந்தேன். வயிறு எரிந்தது, ஐயா. அந்தச் சீட்டும் போய்விட்டால், இந்தக் காலை வைத்துக்கொண்டு கடை வாசலைத் தாண்டி நான் எங்கே போவேன்?

கிளம்பும்போது அவன் குரலைத் தாழ்த்தினான். "அவட்ட ஒரு வார்த்தை சொல்லி வையிலே. லாரி, ரயிலுச் சத்தம் கேட்டா தோள்ல தட்டணும்னு. எனக்குக் காது கேக்காதுன்னு மட்டும் மூச்சு விட்டுராத. நான் சொன்னா ஏன் எதுக்குன்னு கொடைவா. வெக்கமா இருக்குடா."

"சொல்லிருதேன்," என்றேன்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். பின்சீட்டில் கம்பி நிறுத்தி, பரிபூரணத்தை உட்காரவைத்து அளவெடுத்து, இரண்டு ஸ்பீக்கரையும் அவள் காது மட்டத்துக்கே வைத்தேன். அப்போது அவளாகவே கேட்டாள், "அண்ணாச்சி, எனக்கு வண்டில போயிப் பழக்கமில்ல. நான் ஏதும் பாத்துக்கிடணுமா?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. எல்லாம் அவன் பாத்துக்கிடுவான். நீ பாட்டைக் கேட்டுக்கிட்டே போ."

சாயங்காலம் வைகுண்டராஜ் வந்து சொல்லிவிட்டாயா என்று கேட்டான். தலையாட்டினேன்.

ஒரு கேசட்டும் பதிந்து கொடுத்தேன், கல்யாணப் பரிசாக. முதல் பாட்டுகளை வேண்டுமென்றே சத்தம் குறைத்துப் பதிந்தேன். கேட்கவில்லை என்றால் யாரும் குமிழைத் திருகிக் கூட்டத்தானே செய்வார்கள். அடுத்து உறுமியும் தவிலும் அடிக்கிற பாட்டு, முழுச் சத்தத்தில். காலையில் கிளம்பி, ஆண்டாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கொடைக்கானல் போவதாகத் திட்டம். மெயின் ரோட்டு லாரிக்குப் பயந்து அவன் எப்போதும் தோட்டத்துப் பாதையில்தான் போவான். அதில் ஆளில்லாத ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம், தண்டவாளத்தில் ஏறுகிறவரைக்கும் ரயில் கண்ணில் படாது. உறுமி எந்த இடத்தில் தொடங்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை போன பாதை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். காலை ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? அன்றைக்கு வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

பரிபூரணம் அங்கேயே போய்விட்டாள். அவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்டலையேலே அவ. நீ சொல்லியும் தட்டலையே," என்று செத்தவளைத் திட்டித் திட்டி அழுகிறான். நேற்று ராத்திரி, "நீ இருந்திருந்தா தட்டியிருப்பலே," என்றான். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஆனால் செத்துப்போனவளை அவன் திட்டுவது நியாயமில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவளுக்குத் தட்ட வேண்டும் என்றே தெரியாது. நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான் சொல்லவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம், பாவம், தாங்க மாட்டான்.

தொடை எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். கேஸ் முடிந்ததும் வண்டியை என் கடைக்கு அனுப்பிவையுங்கள், ஐயா, அடுத்த லீவுக்குள் சரிபண்ணிவிடலாம். பின்சீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிடுகிறேன். எனக்கு அவை வேண்டியிருக்காது.