ஜாகீர் வள்ளியும் முள்ளிப்பட்டுக் கிழங்கும்

சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் தொண்டையை அடைக்கும். எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். வேகவைத்து, மசித்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டு என் மனைவி துர்கா செய்தது. அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. கைப்பக்குவம் மட்டும்தான் அவளுடையது.

போனை இப்படி மேசைமேல் வையுங்கள், பதிவாகட்டும். ஆராய்ச்சிக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முள்ளிப்பட்டு அபிதகுசாம்பாள் வீட்டில் இருந்த கிழங்குக் கொடி என்ன ஆனது, எங்காவது ஒரே ஒரு கிழங்காவது மிச்சம் இருக்குமா, இருந்தால் முளைக்க வைத்து அந்த வகையையே மீட்டுவிடலாம் என்றீர்கள். நல்ல எண்ணம். ஆனால் முதலில் என் கிழங்கைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

என் தொழில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. மாடித் தோட்டம் பொழுதுபோக்காக வந்தது. ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரில் தள்ளுவண்டியில் வாங்கிய கிழங்கு ஒன்று முளைவிட்டிருந்தது. சாக்கில் மண் போட்டு வைத்தேன், படர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், "இது இன்னா ரகம், தனகோடி சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டவரிடம் தள்ளுவண்டி ரகம் என்று எப்படிச் சொல்வது? "ஜாகீர்தார் அரண்மனைத் தோட்டத்துல இருந்ததுங்க. எங்க வூட்ல வழிவழியா வெச்சிகினு வர்றோம்" என்றேன். ஜாகீர் வள்ளி என்ற பெயர் வாயில் தானாகவே வந்தது.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை. வீட்டுத்தோட்டக் குழு ஒன்று உருவானது. என்னையே தலைவராக உட்காரவைத்தார்கள். பாரம்பரியக் காவலர் என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் பாலியஸ்டர். ஆரணியில் இருந்துகொண்டு பாலியஸ்டர் பொன்னாடை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பொறுமை வேண்டும். போளூரில் ஒருவர் மேடையேறி, ஜாகீர் வள்ளி சாப்பிட்டதிலிருந்து தனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். நான் மறுத்துப் பேசவில்லை, சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு என் கொடி படர்ந்தது. உங்கள் வேளாண் கல்லூரியில் சோதித்து, இது சந்தையில் கிடைக்கும் சாதாரண ரகம்தான் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். எனக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

அபிதகுசாம்பாள் என்னிடம் சாயம் போட்ட நூல் எடுத்துப்போய் நெய்கிறவள். ஒருநாள் நூலுக்கு வந்தபோது எவர்சில்வர் டப்பாவில் அவித்த கிழங்கு கொண்டுவந்தாள்.

"எங்கூட்டுக் கெழங்குண்ணா. எங்க மாமியாருக்கு அவங்க மாமியார் குடுத்தது. உங்களுது மாதிரி பெரிய பேரெல்லாம் கெடையாது. நம்ம கூட்டத்துல வெக்கலாமாண்ணா?"

தோல் வெளுப்பு. நறுக்கினால் நடுவில் கரை கட்டியதுபோல் ஒரு சிவப்பு வளையம். வாயில் போட்டேன். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அப்படி ஒரு ருசி. அதை யாராவது ஒருவர் சாப்பிட்டுவிட்டு அடுத்து என்னுடையதைச் சாப்பிட்டால் போதும், கதை முடிந்தது.

"வெக்கலாம்மா. இன்னா ஜல்தி, சித்திரை வரட்டும்" என்றேன்.

என் நிலைமையை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வீடுகளில் ஒரு நம்பிக்கை வேர் பிடித்திருக்கிறது. ஜாகீர் வள்ளி பொய் என்று தெரிந்தால் பாரம்பரியம் என்ற வார்த்தையையே கேட்டுச் சிரிப்பார்கள், தோட்டத்தையே பிடுங்கிப் போடுவார்கள். ஒரே ஒரு வீட்டுக் கொடிக்காக அத்தனை பேர் மனத்தை நோகடிப்பதா?

மாசியில் அவள் மகள் சுகன்யாவுக்குக் காஞ்சிபுரத்தில் பிரசவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பியவள் சாவியை என்னிடம்தான் கொடுத்தாள். "கொடி காஞ்சிடாம மட்டும் பாத்துக்கங்கண்ணா. ஒரு வேளை தண்ணி ஊத்துனா போதும்" என்றாள்.

நான் ஒரு நாளும் தவறவில்லை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முன்பு சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையைப் போக்குவோம். அந்தத் தண்ணீர் எங்கள் பட்டறையில் தினமும் மிச்சமாகும். ஆறவைத்து கேனில் பிடித்து, மொபெட்டில் முள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். எந்தத் தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. முதல் நாளே மண்ணைக் கிளறிக் கிழங்குகளை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டேன், வீணாகக் கூடாது என்று. இலை முதலில் மஞ்சளானது, பிறகு சுருண்டது.

சந்தவாசலில் அவள் அண்ணன் சடையப்பனிடமும் கொஞ்சம் கொடி இருந்தது. அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். பஸ் ஏறிப் போனேன். பாரம்பரியக் காவலரே வீடு தேடி வந்ததில் மனிதருக்கு ஏக சந்தோஷம், மோர் கொடுத்தார். நான் கொடியைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

"கூன்வண்டு வந்துகினு இருக்குது. கொளுத்திடணும்."

"நல்லாத்தானே படந்துகினு கீது சார்?"

"அதான் பேஜாரு. வெளிய தெரியாது, உள்ள கொடஞ்சிடும். மத்த பயிருக்கும் பரவும்."

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். தன் கையாலேயே கிழங்கோடு பிடுங்கிக் குவித்தார், தீக்குச்சியைக் கிழித்தவரும் அவரே. முடிந்ததும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். படிப்பு இல்லாதவர்கள் நிபுணர்களை மதிப்பதைப் பார்த்தால் கண் கலங்கத்தான் செய்கிறது.

அபிதகுசாம்பாள் திரும்பி வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு அழுதாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அப்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்த வெயில்ல தெனம் வந்து ஊத்தினீங்களாமே. உங்களுக்குத்தாண்ணா வீண் அலைச்சல்" என்றாள். நான் ஜாகீர் வள்ளிக் கொடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மண்ணில் இனி எதுவும் முளைக்காது என்பதால் புது மண்ணும் கொடுத்தேன். இப்போது அவள் வீட்டிலும் என் கொடிதான். நன்றாக வந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தாள், வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

எடுத்து வந்த கிழங்குகளா? ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை, நானும் கிழங்குப் பிரியன்தானே. ஒன்றை மட்டும் மணலில் புதைத்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. நேற்று நீங்கள் போன் செய்து ஒரு கிழங்கு போதும் என்றதும் எடுத்துப் பார்த்தேன். முனையில் சின்னதாக, ஊதா நிறத்தில் ஒரு முளை விட்டிருந்தது. அதை நகத்தால் கிள்ளிவிட்டு, காலையில் கிழங்கைத் துர்காவிடம் கொடுத்தேன். மசிக்கச் சொன்னதும் நான்தான். துண்டாக வைத்திருந்தால் வளையம் தெரிந்திருக்கும்.

ஏன் தட்டைத் தள்ளிவைக்கிறீர்கள்? இன்னும் ஒரு வாய்தான் இருக்கிறது. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மேடம். வீட்டில் இருக்கும் கடைசிப் பொருளையும் வந்தவருக்கு எடுத்து வைப்பது நம் பாரம்பரியம். அதை நான் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை.