அந்த ஊதா மட்டும் வோணாக்கா

...அதாங்க்கா சொல்றேன், அந்த ஊதா மட்டும் வோணா. வேற எத்த வோணா கை காட்டு, எடுத்துப் போட்றேன். பச்ச கீது, மஞ்சா கீது, மயிலு போட்டது கீது, மாங்கா போட்டது கீது. அந்த ஊதா செம்பருத்தி மட்டும் கேக்காத. சாயம் போவும்க்கா. மெய்யாலுமே. ஒரு தண்ணி போட்டா பக்கெட்டு ஊதா, அடுத்த தண்ணிக்கு உன் வூட்டுக்காரர் பனியனும் ஊதா.

இன்னா அப்டிப் பாக்குற? கடக்காரன் புள்ளையே கட சரக்க நாஸ்தி பண்றானேன்னா? ஐய... கல்லாவுல குந்திகினு கீறாரே எங்கப்பா, அவுரும் அதே லுக்குதான் வுட்டுகினு கீறாரு. நாகர்கோவில்லேந்து வந்து இந்த வண்ணாரப்பேட்ட எம்.சி. ரோட்டுல நைட்டி வித்தே பாதி மண்ட நரச்சிடுச்சு, அந்தப் பேச்சு மட்டும் போவல. "எலேய் அஜினு! அந்த அக்காளுக்கு சரக்க எடுத்துக் காட்டாம அங்க என்னலே கத அளந்துட்டு நிக்க? யாவாரமாக்கும் முக்கியம்!" ஹி ஹி... எப்டி? அப்டியே வந்துச்சா? திரும்பாதக்கா, பாக்குறாரு!

எல்லார் கொரலும் வரும்க்கா எனக்கு. மெட்ரோவுல கதவு மூடுறப்ப பேசுற அக்கா, மீன்பாடி வண்டி அண்ணே, காலேஜு பிரின்சிபாலு. எவன் வாயத் தொறந்தாலும் அத்த அப்டியே புடிச்சி வெச்சிக்குவேன். அதாலதான் இப்ப பேஜாராயி நிக்கிறேன். எதுர்ல குடக் கட தெர்தா? லியாகத் அலி பாய் கட. அங்க கம்பியில குட மாட்டிகினு கீறான் பாரு, செவப்பு டீ-சர்ட்டு. அவந்தான் அப்சலு, பாய் புள்ள. எல்.கே.ஜி.லேந்து என் தோஸ்து. ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கிறான், என்னாண்ட பேசி வாரம் ஒண்ணாச்சு. டீ சொன்னா ரெண்டா சொல்லுவான். இப்ப ஒண்ணுதான் வருது.

சண்டையா? சண்ட போட்டிருந்தாதான் பரவால்லயே... இந்தா, இந்த மெரூன பாரு. பாக்கெட்டு கீது, போனு வெச்சிக்கலாம். வோணாவா? சரி.

நானு, அப்சலு, தௌசீஃபு, மூணு பேரும் பினாங்கு போனோம்க்கா. மலேசியா. சிரிக்காத, ஃபாரின்தான்! வருஷம் பூரா கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறி சேத்த காசு. "ரோட்டுக் கட ரோட்டுக் கடயா துண்றோம் மச்சான், மார்க்கெட்டு மார்க்கெட்டா சுத்துறோம்"னு பிளானு. பிளானு என்னுதுதான். இருக்கறதுலயே மட்டமான டிக்கெட்டு. பை ஒண்ணுக்கு மேல எடுத்தா தனிக் காசுன்னுட்டான். தௌசீஃபு நாலு சட்டய ஒண்ணு மேல ஒண்ணு மாட்டிகினு, பொங்கலுக்கு ஜோடிச்ச மாடு மாதிரி ஏர்போர்ட்டுல வந்து நிக்கிறான். செக்கிங்ல அந்த ஆபீசரு, "தம்பி, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"ன்றாரு.

எறங்கி கடலாண்ட போனா, எதுர்ல இன்னா தெரியுதுன்ற? ஹார்பர் கிரேனு! ராயபுரம் பாலத்து மேல நின்னா ஓசில தெரியும்க்கா. அத்தப் பாக்க ப்ளேன் ஏறி கடல் தாண்டிப் போய்க்கீறோம். அப்பால துண்ணப் போனோம். பயங்கரப் பசி. ஒரு கடயில செம வாசன, கூட்டம் அள்ளுது, உள்ள பூந்து குந்துனா கடக்காரர் வந்து, "வாங்க தம்பி, எந்த ஊரு லா? பரோட்டா சூடா இருக்கு, மீன் கொழம்பு ஊத்தவா லா?"ன்றாரு. ராமநாதபுரத்துக்காரராம்! அந்த 'லா' மட்டுந்தான் மலேசியா. பாஸ்போர்ட்டு எடுத்து, சீலு குத்தி, மொதல்ல துண்ணது பரோட்டா.

அடுத்த நாளு உஷாராயி லக்ஸான்னு ஒண்ணு வாங்குனோம். மீனு, புளி, நூடுல்சு, மேல புதினா. தௌசீஃபு மோந்து பாத்துட்டு கண்ண மூடிக்கினான். "மச்சான், காசிமேடு மீன் ஏலத்துல நிக்கிற மாதிரி கீதுடா." ஆனா சட்டிய வழிச்சி துண்ணது அவந்தான். நல்லாதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

எங்க வுட்டேன்? ஆங், ஊதா. இல்லல்ல, இந்த நைட்டி இல்ல, இதுக்கு முன்னாடி ஒரு ஊதா கீது. அப்சலு அம்மா, அஜீசுன்னிசா அம்மா. தங்கமான மனுஷிக்கா. பாய் இந்த ட்ரிப்புக்கு ஒத்துக்கவே இல்ல. "படிக்கிற வயசுல என்னா ஊர் சுத்தல்?"னு கத்துனாரு. அம்மாதான் ராவும் பகலும் சொல்லி வழிக்குக் கொண்டாந்தாங்க. பதிலுக்கு கேட்டது ஒண்ணே ஒண்ணு. மலேசியா பாத்திக் கைலி, ஊதா கலரு, செம்பருத்திப் பூவு போட்டது. சொந்தத்துல யாரோ கட்டிகினு வந்தத பாத்துக்கீறாங்க. அவங்க வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு அப்சலு பாத்ததே இல்லயாம். ப்ளேன்ல கூட அதேதான் சொல்லிகினு வந்தான்.

மூணாவது நாளு காலைச் சந்தையில கெடச்சிடுச்சு. அதே ஊதா, அதே பூவு. ஒரே பீசு. தலையில முக்காடு போட்ட மலாய் அம்மா, சிரிச்ச மொகம். வெலயும் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. அப்சலு கை பர்சுக்குப் போவுது. யாரு தடுத்தது? நாந்தான்! "டேய், எம்.சி. ரோட்டுல பொறந்துட்டு சொன்ன வெலைக்கு வாங்குனா சிரிப்பாங்கடா. நீ கம்முனு இரு, நா பேசுறேன்"னேன்.

பாதி வெல கேட்டேன். அந்தம்மா, "ஃபிக்ஸ் ப்ரைசு லா, அடிக்"ன்னாங்க. அடிக்னா தம்பியாம். சரின்னு நம்ம அஸ்திரத்த எடுத்தேன். அதாங்க்கா, நீங்கல்லாம் இங்க தெனம் எங்கள சாவடிப்பீங்களே, அந்த நட! வோணாம்னு துணியக் கீழப் போட்டுட்டு நடப்பீங்க. திரும்பிப் பாக்க மாட்டீங்க. நாங்க பின்னாலயே, "யக்கா! நில்லுக்கா! நீ சொல்ற வெலைக்கே எடுத்துக்கக்கா, வாக்கா!"ன்னு கத்துவோம். அப்டிக் கத்துறதுதான் இந்தக் கடயில என் உத்தியோகமே. தெரு முக்கு போன பொம்பளயக் கூட இட்டாந்துக்கீறேன். அதனால அங்க நா அப்சலு கையப் புடிச்சேன், நடந்தேன். கெத்தா.

நடக்குறோம்... நடக்குறோம்... பின்னால சத்தமே இல்ல.

அப்சலு, "டேய், கூப்புடலடா." நானு, "கூப்புடும்டா, திரும்பாத, திரும்புனா தோத்தோம்." பழக் கட தாண்டியாச்சு. கருவாட்டுக் கட தாண்டியாச்சு. கூப்புடல. "அஜினு, நா அந்த வெலைக்கே வாங்கிக்கிறேன்டா, ப்ளீஸ்டா." கெஞ்சுறான்க்கா. நா வுடல. "கொஞ்ச நேரம் ஊறட்டும்டா, அதுவே தேடிகினு வரும் பாரு"ன்னு சொல்லி செண்டோலு வாங்கிக் குடுத்தேன். பச்சயா புழு மாட்டம் கீது, தேங்காப்பாலு, வெல்லப்பாகு, ஐஸு. நா ரெண்டு துண்ணேன். அவன்து அப்டியே உருகிடுச்சு.

திரும்பிப் போனா கட மேல தார்ப்பாய் போத்திக் கட்டிக்கீது! காலைச் சந்தை மதியத்தோட காலியாம். எனக்கின்னா தெரியும்? நம்ம ஊர்ல மார்க்கெட்டுன்னா ராத்திரி வரைக்கும்தானே! விடிஞ்சா ப்ளேனு. சாயங்காலம் பூரா ஊர் சுத்துனோம். செவப்புல கீது, நீலத்துல கீது. ஊதா இல்ல.

அத்த ஏங்க்கா திரும்பத் திரும்பத் தொட்ற? சொன்னேன்ல, சாயம் போவும்னு!

இத்தோட நின்னுருந்தா கூட அவன் மன்னிச்சிருப்பான்க்கா. அவன் அந்த மாதிரிதான். ஆனா ராத்திரி ரூம்ல எல்லார் மூஞ்சும் தொங்கிக் கெடந்துச்சா... எனக்கு அமைதியா இருந்தா ஒத்துக்காதுக்கா. காது குடையுற மாதிரி இருக்கும். சிரிக்க வெப்போம்னு நெனச்சேன். அவன் குளிக்கப் போனப்ப அவன் போன எடுத்து, என் நம்பர 'அம்மா'ன்னு மாத்தி வெச்சேன். அப்பால தௌசீஃப இட்டுகினு மாடிப்படி கீழ, செருப்பு வுட்ற எடத்துல குந்திகினு, போன் போட்டேன்.

அஜீசுன்னிசா அம்மா பேசறதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு தொண்ட கனப்பாங்க. அது வரைக்கும் எனக்கு வரும். "க்கும்... அப்சலு... சாப்ட்டியாமா? கைலி கெடச்சிதா கண்ணு?"

தௌசீஃபு வாயில துணிய அடைச்சிக்கினான் சிரிப்பு தாங்காம. நா இன்னா நெனச்சேன், "இல்லம்மா, இந்த அஜின் நாயி கெடுத்துட்டாம்மா"ன்னு திட்டுவான், நா என் கொரல்ல "நாயி பேசுறேன்டா"ன்னு சொல்லுவேன், அடிப்பான், முடிஞ்சிடும். ஆனா அவன்... "வாங்கிட்டேம்மா. ஊதாம்மா. நீங்க சொன்ன அதே பூவு. பையில பத்திரமா கீதும்மா"ன்றான்.

அப்பயாவது கட் பண்ணிருக்கணும். பண்ணல. வாயி நிக்கலக்கா! "எனக்குக் காட்டேன்மா, ஆசையா கீது"ன்னேன். அவங்க கொரல்லயே. அந்தப் பக்கம் மூக்க உறியுற சத்தம் வருது. தௌசீஃபு வாயிலேந்து துணிய எடுத்துட்டான். சிரிக்கல. நிமிந்து பாத்தா மாடிப்படி மேல அப்சலு, ஈரத் தலயோட, போன காதுல வெச்சிகினு, என்னையே பாத்துகினு கீறான்.

போன கட் பண்ணான். ரூமுக்குப் பூட்டான்.

காலையில ஏர்போர்ட்டுல அந்தக் கோடில போயி குந்துனான். நா கூப்புடல. "போவட்டும், தானா வருவான்"னு கெத்தா குந்திகினேன். இங்க வந்து எறங்கி மெட்ரோவுல தனியா போனான், அப்பயும் கூப்புடல. அப்பால தௌசீஃபு சொல்றான், அம்மா கைலி கேட்டதுக்கு அப்சலு, "மறந்துட்டேம்மா"ன்னானாம். என் பேர சொல்லவே இல்ல. அவங்களும், "பரவால்லமா, நீ நல்லபடியா வந்தியே"ன்னாங்களாம். அத்தக் கேட்டதுலேந்து சோறு எறங்கலக்கா. சரி, நேத்து பிரியாணி எறங்குச்சு. ஆனா ருசியா இல்ல.

இன்னா? கோவமா? "எனக்கு இன்னாத்துக்கு இந்தக் கத"ன்றியா? அந்த ஊதாவுக்குத்தாங்க்கா! சாயம்லாம் போவாது. பொய்யி. இந்த லாட்டுலயே நல்ல பீசு அதான், ஒண்ணுதான் வந்துச்சு. அதே ஊதா, அதே செம்பருத்தி. அப்சலு அம்மாவுக்குன்னு ஒளிச்சி வெச்சிருந்தேன், எங்கப்பா பாத்துட்டு எடுத்து வாசல்ல மாட்டிட்டாரு. மலேசியா கைலிக்கு பதிலா வண்ணாரப்பேட்ட நைட்டின்னா கேவலந்தான், தெரியும். என் லெவலுக்கு அவ்ளோதான் வரும். ஆனா எத்த சொல்லிக் குடுக்குறதுன்னு தெரியாம தெனம் கழட்டுறேன், தெனம் மாட்டுறேன்...

அக்கா? எங்கக்கா போற? மெரூனாவது... அட, திரும்பாம போறியா! நல்லா நடக்குறக்கா நீ!

"எலேய், அவ போறாலே! வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிடுலே!" ...இது நா பேசலக்கா, மெய்யாலுமே எங்கப்பாதான். இருப்பா! கூப்புட்றேன்... தா, குடக் கடயிலேந்து அவனும் வண்டிய எடுக்கறான். வூட்டுக்குப் போறான்.

ரெண்டு பேரும் போறாங்க. தொண்ட ஒண்ணுதான் கீது.

டேய்... டேய் அப்சலு! நில்றா! ...அட, யார் மாதிரியும் பேசலடா, நாந்தான்டா! அஜின்டா! இத்த எடுத்துகினு நானே அம்மாவாண்ட வந்து சொல்றேன்டா, எல்லாத்தயும்! நில்லுடா... நீ சொல்ற வெலதான்டா, வாடா!