பிரேக் பார்ப்பவரின் அட்டை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, கண்கள் மூடி ஜெபித்துக் கூட்டத்தைத் தொடங்கி வைத்த போதகர் அவர்களே, இந்த ஆண்கள் ஐக்கியத்தை முப்பது ஆண்டுகளாகத் தோளில் சுமக்கும் பெரியவர்களே, ஆண்கள் கூட்டம் என்று அறிவித்தும் எங்களை நம்பாமல் துணைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் வயதுத் தோழர்களே! நம் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்த ஆண்டவரின் முன்னிலையில் உங்களை வாழ்த்துகிறேன்.

வாழ்த்து இதோடு முடிந்தது. இனி என்னிடம் இருப்பது கோபம்.

மூன்றாவது வரிசையில், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். என் அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக பிரேக் பார்ப்பவர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. அதனால் பணிமனையில் அவர் பெயரே 'கையெழுத்து'. நாளைக் காலை அவர் வேலையை விட்டுவிட்டு சபையின் முழுநேர ஊழியத்துக்கு வருகிறார் என்று சற்றுமுன் அறிவித்தீர்கள். மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். நான் என் அக்காவைப் பார்த்தேன். அவள் கைகள் மடியில் இருந்தன.

எதற்கு இந்த ராஜினாமா? ஆண்டவரின் அழைப்பு வந்ததா? கனவு கண்டாரா? இல்லை. ஓர் அட்டை வந்தது.

உங்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு பலகை மாட்டினோம். ஒவ்வொரு ஆணும் தன் வாழ்வின் நோக்கத்தை ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும். கமிட்டி படித்துப் பார்த்துப் பலகையில் குத்தும். அட்டை ஏறியவர் பெயரை ஞாயிறன்று வாசிப்பார்கள். அத்தான் எழுதினார்: 'நான் கையெழுத்துப் போட்ட வண்டியில் ஏறியவர்கள் வீடு திரும்ப வேண்டும்.' ஒரே வரி. அட்டை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில்: 'இது வேலை. நோக்கம் எழுதவும்.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவர் மறுபடியும் அதையே எழுதினார், இன்னும் அழகான கையெழுத்தில். மறுபடியும் திரும்பியது. நான்கு ஞாயிறு அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. நான்கு ஞாயிறும் வெளியே செருப்பு மாட்டும்போது யாராவது கேட்டார்கள்: 'என்ன, உங்களுக்கு இன்னும் கிடைக்கலையா?' ஏதோ தொலைந்த பொருளைக் கேட்பதுபோல. ஐந்தாவது வாரம் 'முழுநேர ஊழியம்' என்று இரண்டே சொல் எழுதினார். அன்றே பலகையில் ஏறியது.

அதே பலகையில் வேறென்ன ஏறியிருக்கிறது? 'நூறு குடும்பங்களை ஆண்டவரிடம் கொண்டு வருவேன்.' எழுதியவர் துணிக்கடைக்காரர். அவர் கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது. காலை முதல் கடை அடைக்கும்வரை நிற்கிறார்கள். ஐயா, முறைக்காதீர்கள். உங்கள் அட்டையை நாங்கள் முதல் வாசிப்பிலேயே ஏற்றுக்கொண்டோம். அதுதான் எங்கள் வெட்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. வண்டி நிறைய ஆட்கள். ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். அத்தான் வண்டிக்குக் கீழே ஈரத்தரையில் படுத்திருக்கிறார். பிரேக் குழாயில் சந்தேகம். சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஓர் இடத்தில் நுரை பொங்கியது. காற்று கசிகிறது; அந்தக் காற்றின் அழுத்தத்தில்தான் பிரேக் பிடிக்கும். வெளியே வந்து, இந்த வண்டி போகாது என்றார். ஓட்டுநர் கெஞ்சினார், மேலாளர் மிரட்டினார், இறக்கிவிடப்பட்டவர்கள் மழையில் நின்று திட்டினார்கள். வேலைக்குத் தாமதமான ஒரு பெண் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாளாம். அவர் பேனாவைத் திறக்கவில்லை.

வீட்டில் அக்கா கேட்டிருக்கிறாள், இவ்வளவு பேச்சு வாங்கிக்கொண்டு எதற்கு இந்த வேலை என்று. துவட்டிய தலையோடு அத்தான் சொன்னார்: "திட்டட்டும் விடு. திட்டுறதுக்கு ஆள் இருக்காங்கல்ல."

இந்த வாக்கியத்தை நான் பல்கலைக்கழக நூலகத்தில் தேடியிருக்கிறேன், நண்பர்களே. அர்த்தம், இருப்பு, நோக்கம் என்று தடித்த புத்தகங்களில் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. அது என் அக்கா வீட்டு அடுக்களையில் இருந்தது.

நம் ஆண்டவர் முப்பது வயதுவரை மரம் இழைத்தார். அந்த வருடங்களில் அவர் நோக்கமில்லாமல் இருந்தாரா? நோக்கம் வரும்வரை பொழுதுபோக்கினாரா? அவர் செய்த கதவு ஒரு வீட்டைக் காக்கவில்லையா? அவர் செய்த நுகம் ஒரு மாட்டின் கழுத்தை உறுத்தாமல் இருக்கவில்லையா? இன்று அவர் வந்து ஓர் அட்டையில் 'தச்சு வேலை' என்று எழுதித் தந்தால், நம் கமிட்டி என்ன செய்யும்? சொல்லுங்கள். சிவப்பு மை எடுக்கும்.

போதகர் ஐயா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். உங்களை அழைத்தது கடவுள். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அத்தானை அழைத்தது ஓர் அட்டை. இரண்டும் ஒன்றல்ல.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். 'யாரையும் குறிப்பிட்டுத் தாக்க வேண்டாம்.' மன்னிக்கவும் ஐயா, ஒருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்தச் சிவப்பு மைக்காரரை. கமிட்டியின் செயலாளர். படித்தவர். தன் அட்டையில் பதினெட்டு வரி எழுதியவர். அந்தப் பதினெட்டு வரியில் ஒரு மனிதன்கூட வீடு திரும்பவில்லை. அவர் இப்போது உங்கள் முன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆமாம். நான்தான்.

என் அத்தானின் அட்டை என்று தெரிந்தேதான் திருப்பினேன். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்று பெயர் வரக்கூடாதாம். என் நேர்மையின் லட்சணம் இது. என் கோபத்தில் பெரும்பங்கு எனக்கே.

கிறிஸ்தவ ஆண்மகனுக்கு ஆழமான நோக்கம் வேண்டும் என்கிறோம். எவ்வளவு ஆழம்? வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி. அவ்வளவு போதும், அங்கே ஒருவன் மனச்சாட்சியோடு படுத்திருந்தால்.

அத்தான், சபை முன்னால் கேட்கிறேன். ஊழியத்துக்குப் போக உங்கள் உள்ளம் சொன்னால் போங்கள், நானே பெட்டி தூக்கி வருவேன். எங்களுக்காகப் போகாதீர்கள். பலகைக்காகப் போகாதீர்கள். நாளைக் காலை நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

கொஞ்சம் அமைதியாக இருங்கள். எழுந்திருக்கிறார். ஏதோ சொல்கிறார்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். "மச்சான், பேச்சைச் சீக்கிரம் முடி. நாலரை மணிக்கு முதல் வண்டி. தூங்காம போய்க் கீழ படுத்தா கண்ணு சொருகும்."

அக்கா, நீ இப்போது கைதட்டலாம்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாதவர்களுக்கும் என் நன்றி. நாளை பேருந்தில் ஏறப்போகும் அனைவருக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். வணக்கம்.