கட்டற்ற வகுப்பறையைக் கட்டி, அயலுக்கும் அள்ளிக் கொடுத்தவருக்கு

கணிதத்தைக் கற்கண்டாய்க் கரைத்தூட்டிய கல்விச்செல்வியே! கைபேசித் திரைக்குள் கல்லூரி ஒன்றைக் கட்டியெழுப்பிய கைவல்லோய்! எங்கள் அன்புக்கும், ஒளிப்பானேன், எங்கள் எரிச்சலுக்கும் உரிய ஆசிரியை திருமதி கேதீஸ்வரி சிவசுப்பிரமணியம் அவர்களே!

பாராட்டு மடலில் பொறாமைக்கு இடமில்லை என்பார்கள். அதை விட்டுவிட்டு எழுத எங்களால் முடியவில்லை; பொறுத்தருளுங்கள்.

பெருந்தொற்று வந்து பாடசாலைக் கதவு பூட்டப்பட்டபோது, நாங்கள் கைக்கெட்டிய செயலியைப் பிடித்துக்கொண்டோம். அது இலவச நேரம் முடிந்ததென்று சமன்பாட்டின் நடுவே எங்களை வெளியே தள்ளியது. நீங்களோ பொறுமையாகத் தேடினீர்கள். அராலிக் கிராமத்துப் பிள்ளையின் பழைய கைபேசியில் ஓடுமா, சிக்னல் குறைந்தால் குரலாவது நிற்குமா, பிள்ளைகளின் பெயரும் படமும் யார் கைக்குப் போகும், பொத்தான்களைத் தமிழாக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தீர்கள். காணொளியில் கூடிப் படிக்க ஜிற்சியையும், பாடங்களை அடுக்கிவைக்க மூடிலையும் தெரிந்தெடுத்தீர்கள். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விளக்கினீர்கள். பிறருக்குக் கொடுக்கலாம் என்றதை நாங்கள் அப்போது காதில் வாங்கவில்லை.

உங்கள் வகுப்பு நிரம்பி வழிந்தது. இரசாயனவியல் படிப்பிக்கும் பிரகலாதன் ஆசிரியர் தொண்டை வற்றக் கூப்பிட்டும் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. உங்களிடம் கேள்வி கேட்கவோ பிள்ளைகள் முண்டியடித்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளே எங்கள் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் பாடத்தில் இருந்தார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆயினும் நீங்கள் கட்டிய இணையத்தளத்தை ஊருக்குள் எங்கள் தளம் என்றே சொல்லித் திரிந்தோம். அதன் நெற்றியில் பாடசாலைச் சின்னத்தையும் ஒட்டினோம். ஆண்டுதோறும் கிரிக்கெட் துடுப்பாட்டத்தில் எங்களோடு மோதும் அயற்கல்லூரி அதே போல ஒன்று கேட்டு உங்களிடம் வந்தது. உடனே ஆசிரியர் கழகத்தைக் கூட்டி, அயலுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். உலகத்துக்கே திறந்துவிட்ட மென்பொருளுக்கு வட்டுக்கோட்டையில் வேலி அடைக்கப் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்!

நீங்கள் கோபிக்கவில்லை. "சும்மா வந்ததுக்கு நாங்கள் என்னெண்டு சொந்தம் கொண்டாடுறது? எங்களுக்குத் தந்தவை ஆர் எவர் எண்டு கேட்டோ தந்தவை?" என்றீர்கள். அந்தக் கிழமையே அவர்களுக்கும் நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

முப்பதாண்டுக்கு மேல் எங்களோடு உழைத்து, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இனி வீட்டில் ஆறியிருப்பீர்கள் என்று மனதைத் தேற்றியிருந்தோம். எங்கள் தளத்தைப் புதிய ஆசிரியை தர்சினியிடம் ஒப்படைத்துவிட்டு, கணித ஆசிரியர் இல்லாத அந்த அயற்கல்லூரியின் தளத்தில் இலவசமாகப் படிப்பிக்கப் போகிறீர்களாம். எங்கள் மேடையில் மாலை வாங்கி, அவர்கள் திரையில் மலரப்போகிறீர்கள். இதை நாங்கள் எப்படித் தாங்குவது?

நோயற்ற உடலும் நீங்காத சிரிப்பும் பெற்று நீடு வாழ்க! கண்ணொளி மங்காதிருக்க, வீட்டுச் சிக்னல் விழாதிருக்க! அந்தக் கல்லூரியையும் சேர்த்து வாழ்த்தும்படி அதிபர் சொன்னார். எங்களுக்கு வாய் வரவில்லை. உங்கள் புதிய வகுப்பில் யாரும் சேரலாம் என்று கேள்விப்பட்டோம். அவர்களுடைய பிள்ளைகள் முந்துவதற்குள் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரையும் பதிந்துவிட்டோம். எங்களையும் பதிந்துவிட்டோம்.

பிரியவும் மனமின்றி, விட்டுக்கொடுக்கவும் மனமின்றி,
ஆசிரியர் கழகத்தினர்,
வட்டுக்கோட்டை.