பியாஜோ பூசிக் கொடுத்த சுவர்

உங்கள் அறையின் வடக்குச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, நீதிபதி ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். முப்பது வருடமாகச் சுவரைப் பார்த்தே பிழைத்தவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

மாந்துவா நகரில் ரொவரெல்லி மாளிகையை அறியாதவர் இல்லை. இப்போதைய பிரபுவின் தாத்தா வாசல் தூண்களை நிறுத்தினார், அப்பா பளிங்குப் படிகளை வைத்தார், பிரபு பெரிய கூடத்துச் சுவரில் தன் வம்சத்தையே தீட்டச் சொன்னார். அந்த வேலைதான் எனக்கு வந்தது. எல்லாரும் நன்றாக அமைந்தார்கள், பிரபுவின் காலமான தாயாரைத் தவிர. மூக்கு சரியில்லை என்று இரண்டு முறை கொத்தியெடுக்க வைத்தார். மூன்றாம் முறையும் பிசகினால் கூடம் வேறு ஓவியனுக்குப் போய்விடும் என்றார்.

எங்களுடையது ஈரப் பூச்சில் தீட்டும் வேலை. பூச்சுக்காரன் காலையில் ஒரு முகத்துக்கு ஆகும் அளவே பூசுவான். காய்வதற்குள் நான் தீட்டியாக வேண்டும். காய்ந்தால் வண்ணம் சுவரில் ஏறாது, மறுபடி கொத்த வேண்டியதுதான்.

அன்று பூசி முடித்த பியாஜோ சாரத்திலிருந்து கால் தவறி விழுந்தான். நான் தள்ளவில்லை. உடைந்த எலும்பு தொடையைக் கிழித்துவிட்டது.

"மேஸ்திரி, யாரையாச்சும் கூப்பிடுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"துணியை இறுக்கிக் கட்டுடா. மூக்கை முடிச்சிட்டு வந்துடறேன்."

"செத்துப்போன அம்மாவோட மூக்கு எங்கயும் ஓடிப்போயிடாது, மேஸ்திரி."

அந்த நிலையிலும் கிண்டல். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூச்சின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன், தூரிகையை எடுப்பேன், மறுபடி தொடுவேன். கீழே அவன் முனகும்போதெல்லாம் என் கோடு கோணியது. அவன்மேல் எரிச்சலாக வந்தது. வேலை முடியும்வரை வீட்டார் பார்க்கக் கூடாது என்று கூடத்தைப் பூட்டிச் சாவியை நான்தான் வைத்திருந்தேன். காரியஸ்தர் வந்து கதவைத் தட்டினார்.

"உள்ள என்னய்யா சத்தம்?"

"பியாஜோ பாடறான்," என்றேன்.

"கழுதையே தேவலாம் போல," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு பியாஜோ என்னைக் கூப்பிடவில்லை.

மூக்கு அமைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பிரபு கண் கலங்கினாராம்; நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பூச்சு காய்கிறது என்பதால்தான் நான் இறங்கவில்லை என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். நான் சொல்லித்தான் எழுதினார். அதில் ஒரு திருத்தம். முகம் நண்பகல் மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது; எனக்குக் கேட்டது. ஆனால் கதவருகே நான் சொன்ன பதிலை அவன் கேட்டுவிட்டான், பிழைத்தால் ஊரெல்லாம் சொல்வான். அதனால் அந்த அம்மாளின் கழுத்து மாலையைத் தீட்ட ஆரம்பித்தேன். முத்துகளை மட்டும் பசை கலந்த வண்ணத்தால் காய்ந்த சுவரிலும் வைக்கலாம், ஐயா, ஒரு மாதம் கழித்துக்கூட. பிரபு கேட்டது பதினோரு முத்துதான். அவன் மூச்சு நிற்பதற்குள் பதினேழு வைத்துவிட்டேன்.