விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

டீயை முழுசாகக் குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். பாதியில் வைத்தால் கொட்டத்தான் கொட்டுவார்கள். எதையும் வீணாக்குவது எனக்கு ஆகாது. வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

மும்பை கிர்காவில் நாங்கள் கட்டிய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். கையகல இடத்தில் இருபத்திரண்டு மாடி. மழைநீர் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகாது. மே மாதத்திலும் ஏசி இல்லாமல் தூங்கலாம். மற்றவர்கள் கொட்டுகிற சிமெண்டில் பாதிதான் போட்டோம். அங்கே எஞ்சினியராக நின்று வேலை வாங்கியவன் நான். என் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எங்கள் மனைக்குக் கிழக்கே நாலடிச் சந்து. அதற்கு அப்பால் தொண்ணூறு வயதான மூன்று மாடிச் சால், வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள். மழைநீர்த் தொட்டிக்காக நாங்கள் முப்பதடி தோண்டியபோது அதன் சுவரில் மயிரிழை விரிசல் விட்டது. எங்கள் தொழிலில் இது சகஜம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை, இரு முனையிலும் ப்ளாஸ்டர் வைத்து ஒட்டிவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வேலையை நிறுத்தி, குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும்.

சாலின் கீழ்த்தளத்தில் இருந்த சுலபாதாயியின் பின்வாசலை ஒட்டி அதை வைத்தேன். ஆபீஸ்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிப் பிழைத்த தனியாள் அவர். எல்லாருக்கும் அவர் தாயி, அக்கா; என்னை பாவ், தம்பி என்பார்.

“ஏன் பர்வே பாவ், இந்தத் துண்டுக் கண்ணாடியா எங்களைக் காப்பாத்தப் போகுது?” என்றார்.

“இது முழுசா இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருங்க தாயி. உடைஞ்சா, கட்டின துணியோட வெளிய ஓடிடுங்க.”

ஒன்பதாம் நாள் அது உடைந்தது. நிதானமாக யோசித்தேன். சொன்னால், குழியைச் சுற்றிக் கனமான கான்கிரீட் சுவர் எழுப்பச் சொல்வார்கள். மிச்சம் பிடித்த சிமெண்ட் அத்தனையும் மண்ணுக்குள் போகும். பசுமைச் சான்றிதழ் கிடைக்காது. ஊரில் நிற்கிற ஆயிரத்தோடு இதுவும் ஒன்றாகிவிடும். பத்தரை மணிக்குத் தாயி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போவார். திரும்பி வரக் கால் மணி ஆகும். புதுக் கண்ணாடி ஒட்ட எனக்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது ஐந்து நாள் தாங்கியது. அதற்கு அடுத்தது மூன்று. பிறகு நாள் கணக்கு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

“என் தாளிப்புப் புகையில சுவரெல்லாம் பிசுபிசுங்குது. கண்ணாடி மட்டும் நேத்துக் கடையில வாங்கினாப்புல மின்னுதே?” என்றார் ஒருநாள்.

“நான்தான் தினம் துடைக்கிறேன் தாயி.”

“வீட்டுல பாத்திரமாவது துடைப்பீங்களா?” என்று சிரித்தார். ஆனால் உள்ளே போகுமுன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தசரா அன்று அருவாமனைக்கும் கரண்டிகளுக்கும் பூஜை போட்டுவிட்டு, கண்ணாடிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். ப்ளாஸ்டரில் ஒரு செண்டுமல்லியைச் செருகினார். “எங்களுக்குக் காவல் இதுதானே பாவ்” என்றார். அவர்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு.

மறுநாள் பத்தரைக்குப் போனபோது அது குறுக்காக உடைந்திருந்தது. பதினோராவது. புதிதை ஒட்டி, அதே பூவைச் செருகி, குங்குமத்தையும் நானே வைத்தேன்.

சாயங்காலம் தாயி என்னைக் கூப்பிட்டார்.

“மஞ்சள் எங்க பாவ்?”

மஞ்சளை மறந்துபோயிருந்தேன்.

“மஞ்சள் இல்லாம நான் குங்குமம் வச்சதே கிடையாது. இது யாரு வச்சது? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. மாடியில பச்சைக் குழந்தைங்க இருக்கு. எல்லாரையும் கிளம்பச் சொல்லட்டுமா?”

“பனியில கரைஞ்சிருக்கும் தாயி. கண்ணாடி முழுசாத்தானே இருக்கு? நீங்களே தொட்டுப் பாருங்க.”

விரலால் நெடுக்கத் தடவிப் பார்த்தார். முழுசாகத்தான் இருந்தது. உள்ளே போய் மறுநாளைக்கு மாவு பிசைய ஆரம்பித்தார்.

காலை எட்டு மணிக்குச் சால் சரிந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். தாயி அடுப்படியிலேயே இருந்தார். பழைய கட்டடம், பருவம் தப்பிப் பெய்த மழை என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். அந்த இடம் இன்றுவரை காலியாகக் கிடக்கிறது. அதனால் எங்கள் கிழக்கு ஜன்னல்களுக்கு நல்ல வெளிச்சம். நான் அதைத் திட்டமிடவில்லை, நம்புங்கள்.

உடைந்த கண்ணாடிகள் எங்கே என்று கேட்டீர்கள். எறிய மனம் வரவில்லை. கீழ்த்தளத்து முகப்பில் உடைசல் கண்ணாடியையும் கல்லையும் கலந்து தரை போட்டோம். பதினொன்றையும் அதில் சேர்த்துவிட்டேன். லிஃப்டுக்கு இடப்பக்கம் சுவரோரமாகப் பாருங்கள். சிமெண்டின் சுண்ணாம்பு பட்டு, பதினோராவதில் தாயி வைத்த மஞ்சளும் குங்குமம் போலவே சிவந்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன்.

பெயர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓரடிக்கு மேல் உடைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர். நல்ல தரையை வீணாக்குவது பாவம்.